டக்ளஸ் ஃபிர் மர அடர்த்திக்கு மூன்று எண்கள்: எதைப் போடுவது?

தங்கச்சி, வவுனியாவில் இருந்தபடி ஊசியிலை மரங்களின் பண்புத் தரவைத் தொகுப்பதாகவும், டக்ளஸ் ஃபிர்ருக்கு 0.45, 0.48, 0.54 (கன சென்டிமீட்டருக்கு கிராம்) என மூன்று அடர்த்திகள் கிடைத்ததால் சராசரி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். மூன்றும் சரியானவை, அளந்த விதம்தான் வேறு.

அடுப்பில் முற்றாக உலர்த்திய எடையை, இன்னும் உலராத பச்சை மரத்தின் கன அளவால் வகுத்தால் 0.45. இதுவே அடிப்படை அடர்த்தி. சூழலியல் தொகுப்புகள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். 0.48 இல் எடை அதே உலர் எடை. கன அளவை மட்டும் மரம் 12 சதவீத ஈரப்பதத்துக்கு வந்து சுருங்கிய பின் எடுத்திருக்கிறார்கள். 0.54 இல் அந்த ஈரத்தின் எடையும் சேர்ந்திருக்கிறது. 0.48 ஐ 1.12 ஆல் பெருக்கிப் பாருங்கள், தெரியும்.

அடிப்படை அடர்த்தி கிடைக்காத இனத்துக்கு, எடை, கன அளவு இரண்டையும் 12 சதவீத ஈரத்தில் அளந்த அடர்த்தியை (இங்கே 0.54 போன்றதை) 0.828 ஆல் பெருக்கலாம். ஆனால் அந்தக் காரணி பெரும்பாலும் வெப்பமண்டல மரங்களில் இருந்து பெறப்பட்டது. எனவே மாற்றிய எண்களுக்குத் தனி நிரலில் குறியிடுங்கள். மூல எண்ணை அழிக்க வேண்டாம்.

மரத்தின் வயதுக்கும் ஒரு நிரல் வையுங்கள். மலையகத்தில் நட்ட கரீபியன் பைன் போன்றவற்றில் இளமரத்தின் அடர்த்தி குறைவு. (பாரமான முதிரை, பாலை மரங்களைத் தூக்கிப் பழகிய நம் வன்னிக் கைகளுக்கு எந்தப் பைனும் பஞ்சுதான்!)

ஊசியிலைப் பரப்பிலும் இதே சிக்கல் உண்டு: நிழற்பரப்பா (ஊசியிலையின் நிழல் விழும் பரப்பு), முழு மேற்பரப்பா (ஊசியைச் சுற்றியுள்ள எல்லாப் பக்கமும்) என்று பார்க்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.