பட்டன் அறுத்த சட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீடு மாறும்போது இரண்டு மூட்டைப் பழைய துணி சேர்ந்தது. துவைத்து மடித்து ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கஷ்டப்படுகிறவர்கள் இப்படிப் பொறுக்கி எடுக்கலாமா என்று மனது வலித்தது. மிச்சத்தைச் சாலையோரச் சேகரிப்புப் பெட்டியில் போடலாமா? கொடுப்பதைப் படம் எடுத்துப் பகிர்ந்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள் என்கிறாள் மகள். அது சரியா?

எம்.

அன்புள்ள எம்,

படம் வேண்டாம். வாங்குகிறவரின் முகம் அதில் இருக்கும். பெட்டியைப் பொறுத்தவரை, வைத்தவர் யார், துணி எங்கே போகிறது என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள். பணக்கார நாடுகளில் இப்படிச் சேரும் துணியில் நிறைய கப்பலேறிவிடுகிறது. கானாவின் அக்ரா நகரில் கன்டமன்டோ சந்தையில் பொதி பொதியாக இறங்குகிறது. அதற்கு அங்கே 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று அர்த்தம். விலைபோகாதவை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்க் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கரையில் ஒதுங்குகின்றன.

சரி, 'பொறுக்கி எடுக்கலாமா' என்ற வரிக்கு வருகிறேன். படித்ததும் கோபம் வந்தது. கடையில் பத்துச் சட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் நீங்கள் வந்ததில்லையா? உடம்பு அவர்களுடையது, அதில் எதைப் போடுவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கையைத் தூக்கித் தலைவழியாக மாட்ட முடியாத முதியவருக்கு முன்பக்கம் திறக்கிற உடைதான் உதவும். அந்த இல்லத்தில் ஒருவர் நேரம் ஒதுக்கி உங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாரே, அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு கடலோரச் சாலைகளில் யாரும் தொடாத பழைய துணி மலையாகக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஒரு முகாமில் பத்து நாள் துணி பிரிக்கும் வேலை செய்தேன். கிழிசல், கறை, ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்க முடிந்தது. என்னைத் தூங்கவிடாதவை நல்ல துணிகள்தான். காலர் கெடாத, நிறம் போகாத சட்டை ஒன்றை எடுத்தேன். பட்டன் ஒன்றுகூட இல்லை. உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். விரித்துப் பார்த்தால் ஏழு இடத்திலும் கத்தரிக்கோல் பட்ட நூல் முனை. யாரோ உட்கார்ந்து பட்டன்களை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துக்கொண்டு சட்டையைத் தர்மம் செய்திருக்கிறார். அதற்கப்புறம் தேடத் தொடங்கினேன். அதுபோல நிறைய இருந்தது. கொக்கி பிடுங்கிய பேண்ட், நாடா உருவிய பாவாடை.

ஒரு பாட்டி வந்தார். நிறத்தைப் பார்க்கவில்லை. பாவாடையைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் இடுப்புப் பட்டியைத் தடவிக்கொண்டே போனார். நாடா இல்லை. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதிலும் இல்லை. மூன்றாவதைத் தடவிவிட்டு, "எதை வச்சு கட்டுறதுய்யா?" என்று கேட்டார். அந்த மூட்டை கட்டி வந்த சணலை அவிழ்த்து, ஊக்கில் மாட்டிக் கோத்துக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன உடம்பில் சணல் உரசிக்கொண்டிருந்தது.

பட்டன் அறுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஹரியானாவின் பானிபட் நகரில் உலகம் கழித்துப்போட்ட கம்பளி உடைகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். அங்கே முதல் வேலையே பட்டனையும் ஜிப்பையும் அறுத்து எடுப்பதுதான். அந்தத் துணி இனி உடை ஆகாது, அதனால் சரி. இன்னொருவர் உடுத்த வேண்டிய சட்டையில் அதைச் செய்தால், 'உனக்கு இது போதும்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய, பழைய துணி சேகரிக்கும் கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு வேறு வழியில் போனது. கிராமத்துக்காரர்களே தங்களுக்கு வேண்டியதைத் தீர்மானித்துக் குளம் வெட்டுவார்கள், பாதை போடுவார்கள். துணி அதற்குக் கூலியாகப் போகும். வந்த துணியைத் தரம் பிரித்து, பழுது பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது எனக்கு அந்தப் பாட்டிதான் ஞாபகம் வந்தார்.

உங்களைத் திட்டிவிட்டேன் அம்மா. துவைத்து மடித்துக் கொண்டுபோன கை உங்களுடையது, அது எனக்குத் தெரியும். திரும்பி வந்த பாதி இன்னும் வீட்டில்தானே இருக்கிறது? இன்று ராத்திரி அதைப் பிரியுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நைந்துபோனதை உங்கள் வீட்டுத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்குப் பட்டன் தையுங்கள், ஏழும் ஒரே மாதிரி இருக்கட்டும். பாவாடைக்குப் புது நாடா கோத்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போடுங்கள். துவைக்கும்போது உள்ளே போய்விடாது.