வேலியோரக் கீரைகள்: வாசகர் கேள்வி – பதில்

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி விரதமும் மழைக்காலமும் சேர்ந்தே வருகின்றன. மரக்கறி மட்டுமே சமைக்கும் அந்த நாட்களில்தான் தோட்டத்து மூலையிலும் வேலியோரத்திலும் விதைக்காத கீரைகள் தளதளவென்று நிற்கின்றன. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றியே கேட்டிருப்பதால் பக்கம் முழுவதையும் கீரைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் பிரேட் மல்பார், பிரேட் மார்த்தேன், பூர்ப்பியே எல்லாம் தானாகவே முளைக்கின்றன. நிலத்துக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டம். கீரையைப் பார்த்தவுடன் இன்னதென்று சொல்லிவிடும் என் மாமியார் இப்போது இல்லை. எதைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, திரியோலே

பதில்: சகோதரி, பிரேட் மல்பாரிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, முளைக்கீரை என்று அழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்ததுதான் இது. இந்த இனத்தில் மனிதரைக் கொல்லும் நச்சுச் செடி இல்லை என்பதால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான கீரை வேறில்லை. குப்பைக்கீரையின் இலை நுனியில் சிறிய பிளவு ஒன்று தெரியும். முள்ளுக்கீரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் முள் இருக்கும். முள்ளை நீக்கி, இளந்தளிரை மட்டும் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே வேகும்.

பிரேட் மார்த்தேன் என்பது நம் மணத்தக்காளி. இதில் அவசரம் கூடாது. ஊமத்தைச் செடி பூக்காமல் இளமையாக இருக்கும்போது, பழகாத கண்ணுக்கு மணத்தக்காளியைப் போலவே தோன்றக்கூடும். ஊமத்தை இலை ஒரு கைப்பிடி கீரையோடு கலந்தாலே வாய் வறண்டு, பார்வை மங்கி, பிதற்றும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே பூவையோ காயையோ கண்ணால் பார்த்த பிறகுதான் பறிக்க வேண்டும். மணத்தக்காளியின் பூ வெண்மையானது, மிகச் சிறியது, நடுவில் மஞ்சள் நிறம் கொண்டது. காய்கள் மிளகைவிடச் சற்றுப் பெரியனவாகக் கொத்தாகத் தொங்கிப் பழுத்ததும் கறுத்துவிடும். ஊமத்தையின் பூ நீண்ட குழல் போன்றது, காயில் முள் இருக்கும், இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். மணத்தக்காளியின் பச்சைக்காயில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் அதைப் பச்சையாக உண்ணக்கூடாது, குழந்தைகள் பறித்து வாயில் போடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலை மிகவும் கசந்தால் ஒரு கொதி வரவிட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

பூர்ப்பியே என்பது பருப்புக்கீரை. சிவந்த, சாறு நிறைந்த தண்டும் தடித்த சிறு இலையுமாகத் தரையில் படரும். அதே தரையில், அதே போலப் படரும் சித்திரப்பாலாடை போன்ற செடிகளும் உண்டு. தண்டை ஒடித்துப் பாருங்கள்: பருப்புக்கீரையில் தெளிந்த நீர் கசியும், மற்றதில் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் இந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்தறிய மட்டுமே உதவும். நாம் உண்ணும் லாஸ்ட்ரோன் கீரையிலும் பால் வரத்தான் செய்கிறது. எல்லாச் செடிக்கும் பொருந்தும் ஒற்றைச் சோதனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு கீரையையும் அதன் பூ, காய், மணம், தண்டு ஆகியவற்றால் தனித்தனியாகவே அறிய வேண்டும். தெரிந்தவர் ஒருவரோடு நடந்து கற்பதே இன்றும் சிறந்த வழி.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை அளித்தது கரும்புத் தோட்டம்தான். கரும்பு வரிசைகளில் களைக்கொல்லி தெளிப்பது வழக்கம். தெளித்த மருந்து காற்றில் பறந்து வேலியைத் தாண்டும்; இலைக்குள் ஊறிய மருந்தை எத்தனை முறை கழுவினாலும் நீக்க முடியாது. இலை சுருண்டோ வெளிறியோ இருந்தால் மருந்து பட்டிருக்கலாம் என்று ஐயப்படலாம், ஆனால் பச்சையாக இருப்பதாலேயே அது தூய்மையானது என்று ஆகிவிடாது. எனவே தோட்டத்து எல்லையிலும், வண்டிகள் ஓடும் சாலை ஓரத்திலும், சாக்கடை அருகிலும் முளைப்பதை எவ்வளவு கொழுமையாக இருந்தாலும் விட்டுவிட்டு, அந்தச் செடிகளின் விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டின் மறுபக்கம் ஒரு பாத்தியில் தூவுங்கள். பிரேட் மல்பார் மூன்று, நான்கு வாரங்களில் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். புயலுக்குப் பின் சந்தையில் காய்கறி விலை ஏறும் வாரங்களில் அந்தப் பாத்தி உங்களுக்குப் பெரும் துணையாக இருக்கும்.

கேள்வி: என் கணவருக்குப் பத்து ஆண்டுகளாக நீரிழிவு. முருங்கை இலைப் பொடியைத் தினமும் உண்டால் மாத்திரையே வேண்டாம் என்று கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி, மாத்திரையைக் குறைக்கப் போகிறேன் என்கிறார். அந்தப் பொடியில் மற்றக் கீரைகளைவிடப் பல மடங்கு இரும்பு இருப்பதாகவும் அதில் போட்டிருக்கிறது. உண்மையா?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அம்மா, மாத்திரையைக் குறைக்க வேண்டாம் என்று அவரிடம் இன்றே சொல்லுங்கள். நம் தீவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் இழந்தவர்கள் இல்லாத தெருவே அரிது. முருங்கை இலை இரத்தச் சர்க்கரையைச் சிறிதளவு குறைக்கக்கூடும் என்று சில சிறிய ஆய்வுகள் கூறுவது உண்மை. அது மருந்துக்கு மாற்று என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. மேலும், மாத்திரையோடு பொடியையும் பெருமளவில் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும் என்பதால், பொடியை உண்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே உண்ண வேண்டும்.

பல மடங்கு இரும்பு என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 100 கிராம் உலர்ந்த பொடியை 100 கிராம் பச்சைக் கீரையோடு ஒப்பிடுகிறார்கள். பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி நீர். நீர் போனால் எஞ்சியதெல்லாம் செறிவாகத்தானே தெரியும்! ஒருவர் நாளுக்கு உண்பது ஒரு கரண்டிப் பொடி, அதாவது சில கிராம் மட்டுமே. 100 கிராம் பச்சை முருங்கை இலையில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 4 மில்லிகிராம். அது நல்ல அளவுதான், அற்புதம் அன்று. புரதமும் கால்சியமும் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினும் அதில் நிறைந்திருக்கின்றன. வடக்குக் கடற்கரையின் வறண்ட மண்ணிலும் மரம் தழைக்கிறது. வெட்டினால் மீண்டும் துளிர்க்கிறது. விலை கொடுத்துப் புட்டியில் வாங்குவதைவிட, கொல்லையில் ஒரு கிளையை நட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பருப்போடு சமைத்து, அந்த அளவுக்குத் தட்டில் சோற்றைக் குறைத்துக்கொள்வது உங்கள் கணவருக்கு உண்மையாகவே நன்மை செய்யும். சர்க்கரை குறைவதற்கு இலையின் தனி ஆற்றலை விட, குறைந்த சோறும் கூடிய நார்ச்சத்துமே முதன்மையான காரணங்கள்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். 1987-இல் நம் அரசு பங்கீட்டுச் சமையல் எண்ணெயில் பாமாயிலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் சோயா எண்ணெய் இருக்கும்படி மாற்றியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு குறைந்தது. சமையலறையில் செய்யும் சிறு மாற்றத்தின் வலிமைக்கு இதைவிட நல்ல சான்று நம் நாட்டிலேயே வேறு என்ன வேண்டும்?

கேள்வி: பிரேட் சோன்ஸ் சமைத்தால் சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் தொண்டை அரிக்கிறது. காரணம் என்ன?
– ஒரு வாசகர், மாயேபூர்க்

பதில்: ஐயா, சேம்பு இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அவை குத்துவதைத்தான் நாம் அரிப்பு என்கிறோம். இளம் இலையில் குறைவு, முற்றிய இலையில் அதிகம், இனத்துக்கு இனமும் மாறும். உணவுக்கென்று வளர்க்கும் இனத்தின் இளந்தளிரை மட்டும் எடுத்து, தண்டின் தோலை உரித்து, குறைந்தது அரைமணி நேரம் குழையக் குழைய வேகவிட்டு, புளிக்கரைசல் சேர்த்து மீண்டும் கொதிக்கவிடுங்கள். வெந்ததா என்று பாதியில் சுவைத்துப் பார்க்க வேண்டாம். ஓடையோரத்தில் தானாக நிற்கும் எல்லாச் சேம்பையும் உண்ணத்தக்கது என்று கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு இரத்தசோகை இருப்பதாக மருத்துவர் சொன்னார். இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார். கீரை பூயோன் (கீரையை நீரில் கொதிக்கவைத்து, நீரோடு பரிமாறும் சாறு) தினமும் வைக்கிறேன். நீரில் கொதிக்கவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்கிறாள் என் அக்கா. எப்படிச் சமைப்பது சரி?
– ஒரு தாய், காத்ர் போர்ன்

பதில்: உங்கள் அக்கா சொல்வதில் பாதி உண்மை. வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் வெப்பத்தில் ஓரளவு அழியும், நீரிலும் கரையும். இரும்பும் கால்சியமும் வெப்பத்தால் அழிவதில்லை. பூயோனில் அந்த நீரையே குடிப்பதால் கரைந்த சத்து வயிற்றுக்குத்தான் போகிறது. கொதிக்கவைத்து நீரைக் கொட்டும் சமையலுக்கே அந்தக் குறை பொருந்தும்.

ஆனால் கீரையை முதலிலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள். சிறிது எண்ணெயில் வெங்காயம், நசுக்கிய பூண்டு, இஞ்சி ஆகியவற்றை வதக்கி, நறுக்கிய பொம்தாமூர் (தக்காளி) இரண்டைச் சேர்த்துக் குழையவிட்டு, நீர் ஊற்றி உப்பிட்டுக் கொதி வந்த பிறகு, முருங்கை இலையையோ பிரேட் மல்பாரையோ போட்டு, நிறம் மாறாமல் மென்மையானவுடன், ஐந்து நிமிடத்துக்குள் இறக்கிவிடுங்கள். இறக்கியபின் அரை எலுமிச்சையைப் பிழியுங்கள். கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை. வைட்டமின் சி சேர்ந்தால் ஈர்ப்பு கூடும். எண்ணெயை முழுவதும் தவிர்க்க வேண்டாம், ஏனெனில் கொழுப்பு இல்லாமல் பீட்டா கரோட்டின் உடலில் சேராது.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. சாப்பிட்ட கையோடு வெனிலாத் தேநீர் குடிப்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். தேநீரின் டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். மாத்திரையையும் தேநீரோடு விழுங்கக் கூடாது. கீரை உண்கிறாள் என்று மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். குறைந்துபோன இரும்பை விரைவில் ஈடுசெய்ய மாத்திரைதான் தேவை. நிரம்பியதைக் காப்பதற்குக் கீரையும் பருப்பும் உதவும்.

கேள்வி: இரவில் கீரை உண்ணக்கூடாது, கீரையோடு தயிர் சேர்க்கக்கூடாது என்று என் அம்மா சொல்லுவார். எனக்குச் சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. நான் கீரையை அடியோடு விட வேண்டுமா?
– ஒரு வாசகர், கூட்லண்ட்ஸ்

பதில்: மின்விளக்கு இல்லாத காலத்தில் இரவில் கீரை ஆய்ந்தால் பூச்சியும் பிறசெடியும் கண்ணுக்குத் தப்பும், நார்ச்சத்து மிகுந்ததால் படுக்கும்முன் உண்டால் சிலருக்கு வயிறு மந்தமாகும். அந்த அறிவுரையில் எனக்குத் தெரியும் நியாயம் இவ்வளவே. மாலையில் ஆய்ந்து சமைத்து நேரத்தோடு உண்பதில் தீங்கில்லை. சமைத்து மீந்த கீரையை வெப்பமான அறையில் விடிய விடிய வைத்து மறுநாள் சூடாக்கி உண்பதுதான் தவறு: கீரையிலுள்ள நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றிவிடும், கைக்குழந்தைகளுக்கு அது கெடுதல்.

தயிரைப் பொறுத்தவரை, உங்களைப் போன்ற ஒருவருக்கு அந்தத் தடை தலைகீழாகப் பொருந்துகிறது. பிரேட் மல்பாரிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். அதே வேளை உணவில் தயிர் இருந்தால் அதன் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். சிறுநீரகத்துக்குப் போவது குறையும். உங்கள் கல் ஆக்சலேட் வகைதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியானால் இந்த இரு கீரைகளையும் எப்போதாவது, சிறிய அளவில், கொதித்த நீரை வடித்துவிட்டு, தயிரோடு உண்ணுங்கள்; நீர் நிறையக் குடியுங்கள். இரும்பு குறைந்தவர்களுக்குத் தயிர் அவ்வளவு உகந்ததன்று. அவர்கள் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்களும் கீரையை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாக உண்ண வேண்டும். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை எதிர்க்கும்.

கேள்வி: ஓடையில் பறித்த கிரெசோன் என்னும் நீர்க்கீரையைப் பச்சையாகச் சாலட் செய்யலாமா?
– ஒரு மாணவி, கியூர்பிப்

பதில்: வேண்டாம் மகளே. மேலே மாடோ ஆடோ மேயும் நீரில் வளர்ந்த கிரெசோனின் இலையில் கல்லீரல் புழுவின் நுண்கூடுகள் ஒட்டியிருக்கலாம், கழுவினால் அவை போவதில்லை. மழைக்குப் பின் நத்தை ஊர்ந்த இலையிலும் மூளையைத் தாக்கும் புழு இருக்க வாய்ப்புண்டு. பூயோனாகக் கொதிக்கவைத்தால் இரண்டும் மடிந்துவிடும். பச்சையாகத்தான் வேண்டுமென்றால், தூய நீரில் வளர்த்தது என்று நீ நேரில் அறிந்த பாத்தியிலிருந்து வாங்கிக்கொள்.