வாசகர் கேள்வி: கோதுமைப் புரதம் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 31, எடை 68 கிலோ. இரண்டு ஆண்டுகளாக, பால் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவுமுறையில் இருக்கிறேன். வாரம் ஐந்து நாள் ஜிம்மில் எடைப் பயிற்சி செய்கிறேன். முட்டையையும் கோழியையும் விட்டபின், குளூட்டன் (கோதுமைப் புரதம்) மாவு வாங்கி வீட்டிலேயே ‘செய்டான்’ செய்து சாப்பிடுகிறேன். நாளொன்றுக்கு 80 கிராம் மாவு. பாக்கெட்டில் உள்ள கணக்குப்படி 60 கிராம் புரதம். மற்றபடி இட்லி, சாதம், சப்பாத்தி, கொஞ்சம் சாம்பார். ஆறு மாதமாகப் புஜமும் தோளும் அப்படியே நிற்கின்றன. புரதம் போதவில்லையா, பயிற்சியில் பிழையா?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பயிற்சியைப் பற்றி உங்கள் பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும். புரதத்தின் அளவில் பெரிய குறை தெரியவில்லை. அதன் தரத்தில்தான் குறை இருக்கிறது.

செய்டான் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிப் பாருங்கள். முதல் தண்ணீர் அரிசி களைந்த நீரைவிடத் திக்காக, பால்போல வெளுத்துப் போகும். ஐந்தாறு முறை தண்ணீர் மாற்றியபின் கையில் மிஞ்சுவது, இழுத்தால் ரப்பரைப்போல நீண்டு, விட்டால் சுருங்கிக்கொள்ளும் ஒரு சாம்பல் நிற உருண்டை. ஒரு கிலோ மைதாவுக்குக் கால் கிலோ அளவுக்குத்தான் தேறும். மாவுச்சத்து முழுவதும் தண்ணீரோடு போய், கோதுமையின் புரதம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சீனத்துப் பௌத்த மடங்களின் சமையலில் இது நெடுங்காலமாக இறைச்சிக்கு மாற்றாக இருந்து வருகிறது. ‘செய்டான்’ என்பது பிற்காலத்தில் ஜப்பானில் வைத்த பெயர். ஆகவே இது போலி உணவு அன்று. நீங்கள் இதைத் தேர்ந்தெடுத்ததிலும் தவறில்லை.

ஆனால் கோதுமையின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கூறுகளில் ஒன்று) மிகக் குறைவு. கதம்பம் கட்டுகிறவரிடம் மல்லிகை கூடை நிறைய இருந்தாலும் கனகாம்பரம் தீர்ந்துவிட்டால் சரம் அந்த இடத்தில் நின்றுவிடும் அல்லவா? தசையும் அப்படித்தான் கட்டப்படுகிறது. எஞ்சிய அமினோ அமிலங்களை உடல் எரிசக்தியாகச் செலவழித்துவிடும். ஒரு கிராம் குளூட்டன் புரதத்தில் ஏறக்குறைய 18 மி.கி. லைசின்தான் இருக்கிறது, பருப்பு வகைகளிலும் சோயாவிலும் அதே ஒரு கிராம் புரதத்தில் 60 மி.கி.க்கு மேல் இருக்கிறது.

பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. லைசின் தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அளவு. 1985இல் இது வெறும் 12 மி.கி.யாக இருந்தது. அது நம்மவர்களுக்குப் போதாது என்று காட்டிய ஆய்வுகளில், உங்கள் ஊரிலேயே உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அனுரா குர்பாட் குழுவினர் இந்தியர்களிடம் செய்த ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு. தானியத்தை நம்பி வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறு இருக்க முடியாது என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு.

இந்தக் கணக்கில் உங்களுக்கு 2,040 மி.கி. வேண்டும். 60 கிராம் குளூட்டன் புரதம் சுமார் 1,080 மி.கி. தருகிறது. இட்லி, சாதம், சப்பாத்தியிலிருந்து இன்னொரு 900 அல்லது 1,000 மி.கி. வரலாம். அதாவது, சாதாரணமாக நடமாடும் ஒருவருக்கான குறைந்தபட்ச அளவின் விளிம்பில் நிற்கிறீர்கள். தசை வளர்க்க விரும்புகிறவருக்கு அது காணாது.

குளூட்டன் மாவை 50 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதோடு 40 கிராம் மீல் மேக்கர், 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் (இரண்டும் சமைக்கும் முன் உள்ள எடை) சேருங்கள். மொத்தப் புரதம் 60லிருந்து 67 கிராம் அளவுக்கு உயரும். லைசினோ 1,080லிருந்து சுமார் 2,600 மி.கி.க்குப் போய்விடும். சாம்பாரைக் ‘கொஞ்சம்’ ஊற்றாமல், பருப்பு கெட்டியாக ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பெங்களூரு சந்தையெங்கும் குவியும் மொச்சையை விட்டுவிடாதீர்கள். பயத்தம்பருப்புக் கோசுமல்லியும் நல்லது. எல்லாவற்றையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டியதில்லை, அதே நாளுக்குள் சேர்ந்தால் போதும். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் இன்னொரு அமினோ அமிலத்தைக் கோதுமை ஈடுசெய்வதால், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

செய்டான் செய்யும்போதே மூன்று பங்கு குளூட்டன் மாவுக்கு ஒரு பங்கு கடலை மாவு கலந்து பிசைந்து, இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். ரப்பர்த்தனம் குறைந்து, கத்தியால் அரிந்தால் பிசிறின்றி வரும். சோயா சாஸை மட்டும் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 மி.கி. சோடியம் இருக்கிறது, நாள் முழுவதற்கும் உச்ச அளவே 2,000 மி.கி.தான். வைட்டமின் பி12 இவை எதிலும் கிடைக்காது. மாத்திரை எடுத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் கணவரும் செய்டான் சாப்பிடத் தொடங்கினார். மூன்று வாரமாக வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. கோதுமையை உடனே நிறுத்திவிடலாமா?
— வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். குளூட்டனை உடல் ஏற்காத சீலியாக் நோய் இருக்கிறதா என்று அறிய டி.டி.ஜி. என்னும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் அதன் முடிவை நம்ப முடியும்; முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். நோய் உறுதியானால் செய்டான் மட்டுமின்றி சப்பாத்தி, ரவை, சேமியா, கோதுமை சேர்த்த பெருங்காயத்தூள் வரை எல்லாவற்றையும் அவர் விலக்க வேண்டும். அப்போது மீல் மேக்கர், பருப்பு, டோஃபு ஆகியவற்றை வைத்தே அவருக்கு வேண்டிய புரதத்தை அமைத்துவிடலாம். பாக்கெட் வாங்கும்போது மட்டும் கோதுமை கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.