ஐந்து வசனங்களில் பத்து ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைப் பக்கத்துக்காரன், சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிறேன். விவிலியத்தின் ரூத் கதையை, நம் பக்கத்து வயல்களில் நடப்பதாக மாற்றி, இரண்டு மணி நேரப் படமாக எழுதிவருகிறேன். கதை கேட்ட தயாரிப்பாளர், இது நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது, ஒரு வில்லனைச் சேருங்கள் என்கிறார். சேர்ப்பது முறையா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சேர்ப்பதில் முறைகேடு ஒன்றும் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், நற்செய்தி நூல்களில் ஒரு சொல்கூடப் பேசாத, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவராக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். நாட்டு வளம் பாடும் நாட்டுப் படலத்துக்காகக் கதை காத்திருந்தாலும் காப்பியம் கேட்பவர் எழுந்து போவதில்லை. திரையரங்கில் போய்விடுவார்கள்.

ஆகவே கதை எங்கே விரைகிறது என்பதை முதலில் பாருங்கள். ரூத் நூலில் மொத்தம் நான்கு அதிகாரங்கள், 85 வசனங்கள். முதல் ஐந்து வசனங்களுக்குள் பெத்லகேமில் பஞ்சம் வருகிறது, குடும்பம் மோவாபுக்குப் பிழைக்கப் போகிறது, குடும்பத் தலைவி நகோமியின் கணவர் இறக்கிறார், மகன்கள் இருவருக்கும் திருமணம் ஆகிறது, பத்து ஆண்டுகள் கழிகின்றன, அந்த மகன்களும் இறந்துவிடுகிறார்கள். உங்கள் முதல் நாற்பது நிமிடங்கள் இங்கேயே இருக்கின்றன. மாமியாரும் இரண்டு மருமகள்களும் அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தார்கள் என்று காட்டாமல், "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று, ஊர் திரும்பும் மாமியாரிடம் மருமகள் ரூத் சொல்வதை மட்டும் காட்டினால் அது வெறும் மேடை வசனமாகிவிடும். அழுதுகொண்டே தன் வீட்டுக்குத் திரும்பிப் போகும் இன்னொரு மருமகள் ஓர்பாளை நூல் ஓரிடத்திலும் பழிக்கவில்லை, நீங்களும் பழிக்காதீர்கள்.

மூன்றாம் அதிகாரமோ பெரும்பாலும் களத்தில் கழியும் ஒரே இரவு. பெத்லகேமுக்கு வந்த ரூத் கதிர் பொறுக்கும் வயலின் சொந்தக்காரர் போவாஸ் ஏன் தானியக் குவியலின் அருகே படுத்திருக்கிறார் என்பதை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைத் தார்ப்பாயால் மூடிவிட்டு இரவெல்லாம் காவல் இருப்பவர்களைப் பார்த்தவர்கள்தானே நாம். கதிர் பொறுக்குவதைத்தான், அறுவடை இயந்திரம் வந்த பிறகு, இளையவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். அதை நிதானமாகக் காட்டுங்கள். ரூத்துக்காக அரிகளிலிருந்து கொஞ்சம் வேண்டுமென்றே சிந்தவிடும்படி போவாஸ் ஆட்களிடம் சொல்கிறார். அவள் அறியாதபடி ஓர் ஆள் குனிந்து அரியைத் தளர்த்துவதை மட்டும் காட்டினால் போதும், அங்கே பின்னணி இசைகூட வேண்டாம்.

இனி வில்லன். 2014இல் வெளிவந்த 'நோவா' படத்தில் டேரன் அரனோஃப்ஸ்கி, ஆதியாகமத்தில் ஒரே வசனத்தில் வந்துபோகும் தூபால்காயீனைப் பேழைக்குள் ஒளித்துவைத்து சண்டைக் காட்சி அமைத்தார். எனக்கு அது ஒட்டவில்லை. மூழ்குபவர்களின் ஓலத்தைக் குடும்பம் உள்ளே அமர்ந்து கேட்கும் காட்சியோ உலுக்கிவிட்டது. அதுவும் நூலில் இல்லாததுதான் என்றாலும், வெள்ளம் வந்தால் அந்த ஓலம் எழாமல் இருந்திருக்காது.

உங்கள் கதையிலும் அப்படி உள்ளிருந்தே எடுக்க இடம் உண்டு. ரூத்தைத் தொடக் கூடாது என்று போவாஸ் வேலைக்காரர்களுக்குக் கட்டளையிடுகிறார் என்றால், தனியாக வந்த அயல்நாட்டுப் பெண்ணுக்கு அந்த வயலில் ஆபத்து இருந்தது என்றே பொருள். நான்காம் அதிகாரத்தில், நகோமி குடும்பத்து நிலத்தை மீட்க முதல் உரிமை உள்ள உறவினர் ஒருவர் சம்மதித்துவிட்டு, ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும், தன் சொத்துக்குக் கேடு என்று கணக்குப் பார்த்து, உரிமையைக் கைமாற்றும் அக்கால வழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கொடுத்து விலகுகிறார். கெட்டவர் அல்லர், நியாயமான மனிதர். அதனால்தான் வில்லனைவிட அவர் பயன்படுவார். இடைவேளைக்கு முன்பே அவரை வரப்பில் ஒருமுறை நடக்க விடுங்கள். பெயர் வைக்க வேண்டாம். நூலிலும் அவருக்குப் பெயர் இல்லை.