பற்றரி உடைத்த வளவில் கீரை வைக்கலாமா?

கேள்வி: கல்லடியில் பழைய வளவொன்றை வாங்கிக் குடியேறினோம். பின்பக்கம் வல்லாரை, பொன்னாங்காணி, கத்தரி வைத்திருக்கிறேன். முன்பு அங்கே வாகனப் பற்றரி உடைத்து ஈயம் எடுத்தார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா இப்போதுதான் சொன்னார். மகனுக்கு இரண்டு வயது. எனக்கு இப்போது ஐந்து மாதம். நன்றாகக் கழுவிச் சமைத்தால் போதாதா, டொக்டர்?

பதில்: போதாது, தங்கச்சி. ஈயம் வேர் வழியாக ஏறுவது குறைவு. கீரையில் இருப்பதில் பெரும்பங்கு மழைக்குத் தெறித்து ஒட்டிய மண்தான். அதனால் கழுவுவதில் பலன் உண்டு. ஆனால் வல்லாரை நிலத்தோடு படர்வது, மண் முழுதாகப் போகாது. சம்பலையும் பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம்? அவித்தாலும் ஈயம் அழியாது. கீரைகளைப் பிடுங்கிவிடுங்கள். கத்தரி போன்ற காய்களில் சேர்வது மிகக் குறைவு. என்றாலும் மண்ணைப் பரிசோதிக்கும் வரை அதையும் நான் சாப்பிடச் சொல்லமாட்டேன்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் மகன்தான். மண்ணில் விளையாடிய கை நேரே வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடல் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் உறிஞ்சும்; குழந்தையின் உடல் பாதிவரை உறிஞ்சலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் இன்னும் கூடும். வெளியே அறிகுறி தெரியாமலே மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அதனால் வயிற்றுவலி, மலச்சிக்கல் வரட்டும் என்று காத்திருக்காமல், நீங்களும் மகனும் இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று அர்த்தமில்லை. ஈயம் நஞ்சுக்கொடியையும் தாண்டும். கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள். அவை உடல் ஈயத்தை உறிஞ்சுவதைக் குறைக்கும். உள்ளிச்சாறு குடித்தால் ஈயம் இறங்கும் என்று யாராவது சொன்னால், சரி என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

அந்த இடத்தைக் கொத்தவோ, குப்பை எரிக்கவோ வேண்டாம். நல்ல மண் கொட்டி மூடி, மகனை அங்கே விடாதீர்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். வீட்டைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கீரை வேண்டுமென்றால் வேறு இடத்து மண்ணும் கூட்டெருவும் நிரப்பிய சாடிகளில் வையுங்கள்.

இன்னொன்று, கிணறு. பற்றரி அசிட் ஊறிய மண்ணில் ஈயம் இலகுவாகக் கரையும். நம் கரையோர மணலில் கிணறுகளும் ஆழமில்லை. கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. தண்ணீரைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரையே எடுங்கள்.