அப்பா செதுக்கிய கேட்டலினா: சுரண்டுவதற்கு முன்னால்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா 1980களில் மரத்தில் செதுக்கிய கேட்டலினா கடல் விமானம் வீட்டில் இருக்கிறது. பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. அடிவயிற்றில் மூக்கிலிருந்து வால்வரை நேர்கோடாக ஒரு விரிசல். இறக்கை நுனியில் இருந்த மிதவைகளில் ஒன்றைக் காணோம். எல்லாவற்றையும் சுரண்டி, பட்டி பார்த்து, ஸ்பிரே அடித்துவிடலாமா? விமானப்படை வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு வைக்க அப்பா மறந்துவிட்டார் போல, அதையும் வைத்துவிடலாமா? தானே புயலில் விழுந்த பலாமரத்தின் பலகை பண்ருட்டி மாமா வீட்டில் கிடக்கிறது, அதில் இன்னொன்று செய்ய முடியுமா?"

சுரண்டாதீர்கள். உங்களுடையது பெயின்ட் நோய் இல்லை, மரத்தின் நோய். பெயின்டில் தெரிகிறது, அவ்வளவுதான். நம் கடற்கரையில் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்திலேயே நின்றால் மரம் தன் எடையில் 15, 16 சதவீதம் வரை ஈரம் ஏற்றிக்கொள்ளும். ஏசி அறையில் வைத்தால் அது 9, 10க்கு இறங்கிவிடும். இப்படி ஏறி இறங்கும்போது மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். பெயின்டால் அதோடு சேர்ந்து அசைய முடியாது, உதிர்கிறது.

விரிசல் நேர்கோடாக இருக்கிறது என்கிறீர்களே, அது எனக்கு நல்ல செய்தி. மரம் தானாக வெடித்தால் ரேகை போன போக்கில் வளைந்துதான் போகும். நேராக இருந்தால் பெரும்பாலும் அது ஒட்டு. அந்தக் கால ஆசாரிகள் வைத்திருந்த வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டியிருப்பார். வஜ்ஜிரம் ஈரத்தில் இளகும். விரிசலுக்குள் ஒரு குச்சியால் வெந்நீர் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் வஜ்ஜிரமேதான். அப்படியானால் வெந்நீர் விட்டு விட்டு இரண்டு பாதியையும் பிரித்து, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி (இங்கே மட்டும் சுரண்டலாம்), இரண்டு வாரம் நிழலில் காயவைத்து, தண்ணீர் தாங்கும் மரப்பசையில் மறுபடி ஒட்டிவிடலாம். பிசுபிசுக்கவில்லையா? அந்தச் சந்தில் ஒரு விசிட்டிங் கார்டு இப்போது நுழைகிறதா, அடைமழையில் நுழைகிறதா என்று ஒரு பருவம் பாருங்கள். மூடித் திறக்கிற விரிசலில் கார் பட்டியை அப்பக்கூடாது. நான் ஒருமுறை அப்பினேன், அடுத்த சித்திரையில் பட்டி ஒரே நீளத் துண்டாகக் கையோடு வந்தது. அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்துச் செருகுவதுதான் சரி.

அப்புறம் பெயின்ட். 1980களின் எனாமலில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்புண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் உலர வைத்துத் தேய்க்க வேண்டாம். வாட்டர் பேப்பரை ஈரமாக்கி, மாஸ்க் போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில், தளர்ந்த செதில்களை மட்டும் எடுங்கள். அதற்கும் முன்னால், அது என்ன பெயின்ட் என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத மூலையில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள்: பாலிஷ் போடும் ஸ்பிரிட்டில் கரைந்தால் அரக்கு, தின்னரில் உடனே இளகி ஒட்டினால் டூகோ (காருக்கு அடிக்கும், சீக்கிரம் காயும் பெயின்ட்), தின்னர் பட்டதும் தோல் சுருங்கினால் எனாமல். எனாமல்மேல் டூகோ ஸ்பிரே அடித்தால் பால் ஆடை மாதிரி சுருங்கிக்கொண்டு எழும், நாற்பது வருட வேலை நாற்பது விநாடியில் போய்விடும். இடையில் அரக்கு இரண்டு கோட் கொடுத்தால் தப்பிக்கலாம். என்னைக் கேட்டால் முழுசாகப் புதுசாக்காமல் உதிர்ந்த இடத்துக்கு மட்டும் நிறம் தொட்டு விட்டுவிடுவேன். புத்தம் புதுசுதான் வேண்டுமென்றால் இன்னொன்று செய்யத்தானே போகிறீர்கள், அதில் காட்டுங்கள்.

பலா தாராளமாக ஆகும். தஞ்சாவூர் வீணைக்கு பண்ருட்டிப் பலாதானே போகிறது. தானே அடித்தது 2011 டிசம்பர் கடைசி, பலகை இந்நேரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனாலும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். மூன்று வாரம் எடை மாறவில்லையென்றால் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது, அன்றைக்கு உளி எடுங்கள். ஓரத்து வெள்ளையைக் கழித்துவிடுங்கள், உளுப்பது அதுதான். வைரம் ஏறிய மஞ்சள் பகுதி போதும். பலாவுக்கு ஒரே குறை, நுண்துளை அதிகம், மூட வேலை வாங்கும். அந்தச் சிரமம் வேண்டாமென்றால் குமிழ் மரம் வாங்குங்கள், லேசு, உளிக்கு இணக்கம், அசைவும் குறைவு.

அளவுக்கு 1:72 எடுங்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம், ஆசாரிக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். கேட்டலினாவின் இறக்கை 104 அடி, அதாவது உங்களுக்கு பதினேழே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நீளம் 63 அடி 10 அங்குலம், பத்தரைக்குச் சற்றுக் கூட. உடம்பை ஒரே கட்டையில் எடுக்காமல் இரண்டு பலகையை முதுகோடு முதுகாக ஒட்டுங்கள். எவ்வளவு செதுக்கினாலும் அந்த ஒட்டுக்கோடு அழியாது, அதுதான் உங்கள் நடுக்கோடு. முதலில் பக்கத்தோற்றம், பிறகு மேல்தோற்றம் அறுங்கள். குறுக்கு வெட்டு அச்சுகளுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை விட நல்ல பொருள் கிடையாது, கத்தரியில் வெட்டுப்படும், மடங்காது. காணாமல் போன மிதவைக்கும் அதேதான், மிச்சமிருக்கும் மிதவைமேல் பிலிம் வைத்து அச்செடுங்கள்.

கடல் விமானத்தில் எல்லோரும் சொதப்பும் இடம் அடிவயிறு. கேட்டலினாவின் வயிறு ஒரு படகு, நடுவில் குறுக்காக ஒரு படி வெட்டியிருக்கும். படி இல்லாவிட்டால் ஓடும்போது தண்ணீர் வயிற்றோடு ஒட்டி இழுத்துக்கொண்டே இருக்கும், விமானம் எழும்பாது. படியில் தண்ணீர் அறுபட்டு, கீழே காற்று புகுந்து, பிடி விடுகிறது. அதனால் அந்தப் படியும் பக்கவாட்டு விளிம்பும் கத்தி மாதிரி நிற்க வேண்டும். விரலில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் மழுங்கி சோப்புக்கட்டி ஆகிவிடும். விளிம்பில் ஃபெவிக்விக் ஓடவிட்டு ஊறி இறுகட்டும், பிறகு தட்டையான சட்டத்தில் உப்புத்தாள் ஒட்டி, விளிம்பை நோக்கி இல்லாமல் விளிம்போடு சேர்த்து நீளவாக்கில் இழுங்கள். இறக்கையின் பின்விளிம்புக்கும் இதே வைத்தியம்.

இழைத்து முடித்ததும் சாண்டிங் சீலரில் (மரத்தின் நுண்துளையை அடைக்கும் பூச்சு) முகப்பவுடரைக் குழைத்து இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 320ஆம் நம்பர் தாள். ஸ்டாண்டு குச்சி செருகும் துளைக்குள்ளும் சீலர் போக வேண்டும். ஈரம் உள்ளே போகும் கதவு அதுதான், அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். டூகோவை ஐப்பசி, கார்த்திகையில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். புதுச்சேரியில் என் மொட்டைமாடியில் ஒரு நவம்பரில் பார்த்தேன், கருநீலம் சாம்பல் ஆகி நின்றது. பொங்கல் கழித்து, பத்து மணிக்கு மேல் அடியுங்கள். இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கால்களுக்கு மூங்கில் சிம்பு, ஏரியல் கம்பிக்கு துறைமுகப் பக்கம் கிடைக்கும் மெல்லிய தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு).

சிவப்புப் பொட்டு வைக்காதீர்கள். இரண்டாம் உலகப்போரில் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினாக்களை வைத்திருந்தது. நம் பக்கத்துப் போர்முனையில் ஜப்பான் விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று நடுச் சிவப்பை எடுத்துவிட்டு நீலமும் வெளிர்நீலமும் மட்டும் தீட்டினார்கள். அப்பா மறக்கவில்லை. அவர் எந்தப் படத்தைப் பார்த்துச் செதுக்கினார் என்று அவருடைய பழைய பெட்டியில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் இரண்டாவது மாடலுக்கு அதே அளவுகளை எடுத்துக்கொள்ளலாம்.