மார் அடுப்புக்கு, தட்டை மண்ணுக்கு

கேள்வி: சரிவான மேட்டுநிலம் 3 ஏக்கரில் மானாவாரியாகப் பருத்தி, துவரை, மக்காச்சோளம் போடுகிறேன். 2 மாடுகள் உண்டு. விறகு வெட்டி வெட்டிப் பக்கத்துக் குன்று மொட்டையாகிவிட்டது. மழைக்கு மண் அரிக்கிறது. விறகை விட்டுவிட்டு அறுவடைக் கழிவு முழுவதையும் எரிக்கலாமா? கழிவை அழுத்தி எரிகட்டியாக்கும் அச்சு இயந்திரம் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

பதில்: விறகை விடுவது சரி. ஆனால் 'முழுவதையும்' என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. வயலையும் வழித்தெடுத்தால் குன்றில் நடந்தது அங்கேயும் நடக்கும்.

பருத்தி மாரும் துவரை மாரும், அதாவது அறுவடைக்குப் பின் மிஞ்சும் செடித்தண்டு, அடுப்புக்குப் போகலாம். நன்றாகக் காய்ந்தால், எடைக்கு எடை விறகைவிடச் சூடு பெரிதாகக் குறையாது. துவரையை வேரோடு பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள். சரிவில் அந்த வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பருத்தி மாரை அப்படியே அடுக்கி வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. வெடிக்காமல் ஒட்டியிருக்கும் காய்க்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உறங்கும். காய்களை உதிர்த்து அழித்த பிறகு அடுக்குங்கள். அடுத்த விதைப்புக்கு முன் எரித்துத் தீர்த்துவிடுங்கள்.

மக்காச்சோளத்தில் மணி உதிர்த்த சக்கையை மட்டும் எரியுங்கள். மாடு தின்றது போக மிஞ்சும் தட்டையைச் சரிவுக்குக் குறுக்கே மூடாக்காகப் பரப்புங்கள். விதைப்புக்குப் பிறகும் நிலப்பரப்பில் 30 சதவீதமாவது மூடியிருக்க வேண்டும்.

சாணத்தை வறட்டி தட்டினால் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாண எரிவாயுக் கலனில் இட்டால் வாயுவும் கிடைக்கும், சத்து கழிவுக்குழம்பிலும் தங்கும். 1 கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு. 2 மாடும் கொட்டிலிலேயே நின்று நாளுக்கு 20 கிலோ சாணம் தந்தால் 800 லிட்டர். மூன்று பேர் சமையலுக்குப் போதும். மேயப் போனால் சாணத்தில் பாதி வெளியிலேயே போய்விடும், அந்தக் கணக்கையும் பாருங்கள். குளிர்காலத்தில் வாயு குறையும், அப்போது மார் கைகொடுக்கும்.

இயந்திரம் வேண்டாம். அது மணிக்குப் பல நூறு கிலோ கேட்கும். ஈரமும் 10 சதவீதத்தையொட்டி இருக்க வேண்டும். உங்கள் மாரைச் சில நாளில் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும். ஊரே சேர்ந்து வாங்கினால் யோசிக்கலாம். அந்தப் பணத்தில் சிறு பங்கை நல்ல அடுப்புக்குச் செலவிடுங்கள். சாதாரண மண் அடுப்பில் பாத்திரத்துக்குச் சேர்வது எரியும் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான். மேம்படுத்திய அடுப்பில் அதுபோல் இரு மடங்காவது சேரும்.

அப்புறம், மழை தொடங்கும்போது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் சம உயர வரப்புகளில் கிளைரிசிடியா மரத்தின் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நடுங்கள். நன்றாக வேர்பிடித்த பிறகு வெட்டினால் குச்சி அடுப்புக்கு, தழை நிலத்துக்கு. சீக்கிரம் வளர்கிறதே என்று சீமைக்கருவேலத்தை மட்டும் வரப்பில் ஏற்றிவிடாதீர்கள்.